உங்களுக்குத் தெரியுமா? மாடு ஒதுக்கிய தண்ணீரும் மலச்சிக்கலும்

1618-இல் இங்கிலாந்தின் எப்சம் கிராமத்தில் கடும் வறட்சி. ஹென்றி விக்கர் என்ற மாட்டுக்காரர் ஒரு குட்டையைக் காட்ட, தாகத்தில் தவித்த மாடுகள்கூட அதில் வாய் வைக்கவில்லையாம். அத்தனை கசப்பு! மாடு ஒதுக்கிய அதே தண்ணீரைப் பின்னாளில் லண்டன் சீமான்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து குடித்தார்கள். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1667 ஜூலையில் போய் நான்கு பைன்ட், அதாவது ஏறக்குறைய இரண்டு லிட்டர், குடித்தார். வயிறு நன்றாகக் கழிந்ததையும் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார். அந்தத் தண்ணீரின் உப்பைப் பற்றி நெகேமியா குரூ என்ற மருத்துவர் 1695-இல் தனி நூலே எழுதினார். நாம் 'பேதி உப்பு' என்று கடையில் கேட்டு வாங்கும் மக்னீசியம் சல்பேட் அதுதான்.

●

மலச்சிக்கல் என்றதும் சொல்லப்படும் "தண்ணி நிறையக் குடி, சரியாயிடும்" என்பது பாதி உண்மை. உடம்பில் நீர் வற்றியிருந்தால் பலன் உண்டு. போதிய அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு செம்பு குடித்தால் அது சிறுநீராகத்தான் போகும். குடிக்கும் நீர், உமிழ்நீர், செரிமானச் சாறுகள் எல்லாம் சேர்ந்து தினமும் சுமார் 9 லிட்டர் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிதான். மற்றதையெல்லாம் குடல் உறிஞ்சிவிடும். மக்னீசியமும் சல்பேட்டும் அப்படி எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. குடலிலேயே தங்கி, தம்மோடு நீரையும் பிடித்துவைக்கின்றன. மலம் இளகுவது அதனால்தான்.

●

பிரான்ஸின் 'எப்பார்' மினரல் வாட்டரில் லிட்டருக்கு 119 மி.கி. மக்னீசியமும் 1,500 மி.கி.க்கு மேல் சல்பேட்டும் உண்டு. மலச்சிக்கலால் அவதிப்பட்ட 244 பெண்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. முதல் வாரத்தில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டாம் வாரத்தில், தினம் ஒரு லிட்டர் எப்பார் குடித்தவர்களில் 37.5 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. உப்பு குறைந்த தண்ணீர் குடித்தவர்களில் 21.1 சதவீதம் பேருக்கு. பலன் உண்டு, ஆனால் அற்புதம் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த ஒரு லிட்டரும் போதவில்லை என்பதையும் கவனியுங்கள்.

●

ஸ்லோவேனியாவின் 'டோனாட்' தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 1,000 மி.கி. மக்னீசியம்!

●

நம் வீட்டு வாசலில் இறங்கும் 20 லிட்டர் கேனை 'மினரல் வாட்டர்' என்கிறோம். பெயர்தான் அப்படி. ஆர்.ஓ. இயந்திரம் உப்புகளை வடித்துத் தள்ளிய குடிநீர் அது. கொஞ்சம் திரும்பச் சேர்த்தாலும் மலச்சிக்கலை அசைக்கும் அளவு இருக்காது. பாட்டிலில் ஐ.எஸ். 14543 என்றிருந்தால் பதப்படுத்திய குடிநீர், ஐ.எஸ். 13428 என்றிருந்தால் இயற்கை மினரல் வாட்டர். அதிலும் மக்னீசியம் எவ்வளவு என்று லேபிளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

●

குடிநீரில் சல்பேட் லிட்டருக்கு 1,000 மி.கி.யைத் தாண்டினால் வயிறு இளகக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்காக, வெளியூர்த் தண்ணீர் குடித்து வயிறு போனால் எல்லாப் பழியையும் உப்பின்மேல் போடவேண்டாம். கிருமியாகவும் இருக்கலாம்.

●

மிஞ்சிய மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அதில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். டாக்டரைக் கேட்காமல் இவர்கள் பேதி உப்பையோ மக்னீசியத் தண்ணீரையோ தொடக்கூடாது.

●

புடாபெஸ்ட் அருகே கிடைத்த கசப்புநீரை 1863 முதல் பாட்டிலில் அடைத்து விற்றவர் ஆன்ட்ரியாஸ் சாக்ஸ்லேனர். மலமிளக்கியாக அது உலகெங்கும் கப்பலேறியது. அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹுன்யாடி யானோஷ்'. 1456-இல் ஒட்டோமான் படையின் பெல்கிரேட் முற்றுகையை உடைத்த ஹங்கேரி மாவீரரின் பெயர் அது. அடைப்பை உடைப்பவர் என்ற பொருத்தத்தில்தான் வைத்தாரோ என்னவோ!