குரூப்ல வந்த பேப்பரை நம்பலாமா?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தோல் கழிவுநீரை எடுத்திருக்கீங்களா? சோளிங்கரைத் தாண்டி ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர்னு போனா தோல் தொழிலும் குரோமியமும்தான். அதனால நம்மில் யாராவது இந்தத் தலைப்பை எடுப்பது சகஜம். உடனே வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். ஒரு டேபிள், அதில் ஒரு எண். அதை அப்படியே ரிப்போர்ட்டில் போட்டுடாதீங்க.

அது மொத்த குரோமியமா, ஹெக்ஸாவேலன்ட்டா? ஆலையிலிருந்து வெளியேறும் நீரில் மொத்த குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஹெக்ஸாவேலன்ட்டுக்கு 0.1 தான். குடிநீரிலோ மொத்தமே 0.05. டேபிளின் தலைப்பு வரி வெட்டுப்பட்டிருந்தா, அது கிணற்று நீரோட எண்ணா, கழிவுநீரோட எண்ணான்னுகூடத் தெரியாது. பாலாற்றங்கரையில் ஜனங்க குடிக்கிற தண்ணீர் விஷயம் இது.

அதனால குரூப்பில் டிஓஐ எண்ணைக் கேளுங்க. அதை வைத்து மூலக் கட்டுரையைப் பிடிச்சிடலாம். அங்கே காசு கேட்டா? 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான்; தனியார் கல்லூரிக்காரங்க வெளியேதான் நிக்கணும். 2011-ல் ட்விட்டரில் 'ஐகேன்ஹேஸ்பிடிஎஃப்'னு ஹேஷ்டேக் போட்டுப் பேப்பர் கேட்கும் பழக்கம் வந்தது. காப்புரிமைச் சிக்கல் உள்ள வழி அது. அதைவிட ரிசர்ச்கேட்டில் எழுதியவரிடமே கேட்கலாம். சென்னை அடையாறு சிஎல்ஆர்ஐ-க்காரங்க எழுதிய தோல் கட்டுரைகள் நிறைய அங்கே இருக்கு. "ஹாய் சார், பிடிஎஃப் ப்ளீஸ்"னு மட்டும் அனுப்பாம, நீங்க யார், எந்த டேபிள் வேணும், எதுக்குன்னு மூணு வரி எழுதுங்க.