பத்து மீட்டருக்கு எந்த ஸ்கோப்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களில் ஏர் ரைபிள் வாங்குகிறவர்கள், வாங்கிய கையோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வேட்டைக்கும் ஆகணும், தூரத்துக் குறிக்கும் ஆகணும், அப்படி ஒரே ஸ்கோப்பாக எதை வாங்கலாம்? அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து வந்த கேள்வி இது. அங்கே அது நியாயமானதுதான். இங்கே காசை எடுக்குமுன் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். அவசரமில்லை, டீ சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் வேட்டை. 1972-இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991-இல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை நம் நாட்டில் அடியோடு நிறுத்திவிட்டன. புதரில் ஓடும் முயல், கவுதாரி, ஏரிக்கரைக் கொக்கு எல்லாமே சட்டத்தின் காவலில் இருப்பவை. 0.177 அளவுள்ள, சக்தி குறைந்த ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்பது உண்மை. அதனால் பறவையைச் சுடலாம் என்று ஆகிவிடாது. ஆகவே கேள்வியின் முதல் பாதியை இங்கேயே விட்டுவிடுவோம். விட வேண்டியதும்தான்.

மிச்சம் இருப்பது குறி. கடையில் கிடைக்கும் ஸ்கோப்பின் மேல் 3-9x40 என்பதுபோல எழுதியிருக்கும். பொருளை 3 மடங்கிலிருந்து 9 மடங்குவரை பெரிதாக்கிக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். பக்கத்திலேயே 6-24x50 இருக்கும். அநேகமாக எல்லோருடைய கையும் அதற்குத்தான் போகும்.

எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். பெரிதாகத் தெரிந்தால் சரியாகப் படும் என்று மனசு சொல்கிறது. ஆனால் ஸ்கோப் குறியை மட்டும் பெரிதாக்குவதில்லை, நம் கை நடுக்கத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கை முன்பு ஆடிய அளவுதான் இப்போதும் ஆடுகிறது. 24 மடங்கில் பார்க்கும்போது கிராஸ்ஹேர், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு, குறி அட்டை முழுக்க அலைவதுபோல் தெரியும். அதைப் பார்த்துப் பதறி, அது நடுப்புள்ளியைத் தாண்டும் கணத்தில் டிரிகரை வெடுக்கென்று இழுப்போம். அந்த இழுப்பில் குழல் விலகும், பெல்லட் வேறெங்கோ போகும். நிதானமாக டிரிகரை அழுத்தப் பழகாதவருக்கு அதிக ஜூம் கெடுதலே செய்கிறது.

இன்னொரு சங்கதி பாரலாக்ஸ். டயல் கேஜ் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. முள்ளை நேராகப் பார்த்தால் ஓர் அளவு, கொஞ்சம் சாய்ந்து பார்த்தால் வேறோர் அளவு, ஏனென்றால் முள்ளும் அளவுத் தகடும் ஒரே தளத்தில் இல்லை. ஸ்கோப்புக்குள்ளும் கிராஸ்ஹேர் ஒரு தளத்தில் இருக்கிறது, லென்ஸ் உண்டாக்கும் குறியின் பிம்பம் இன்னொரு தளத்தில் விழலாம். அப்போது கண் சற்றே நகர்ந்தாலும் கிராஸ்ஹேர் குறியின் மேல் வழுக்கிப் போகும், துப்பாக்கி அசையாமலே. பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் இந்த இரண்டு தளங்களும் பெரும்பாலும் 100 கஜத்தில், அதாவது 91 மீட்டர் வாக்கில், ஒன்றுசேரும்படி அமைத்திருப்பார்கள். அதை வைத்துப் பத்து மீட்டரில் குறி பார்த்தால் படம் மங்கும், கிராஸ்ஹேரும் நம்பும்படி இருக்காது. இதைத் திருத்தச் சில ஸ்கோப்புகளில் முன் லென்ஸைச் சுற்றியோ பக்கவாட்டிலோ ஒரு வளையம் இருக்கும், அதில் தூரங்கள் பொறித்திருக்கும். அந்த எண்கள் 10 கஜம்வரை இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஜூமைவிட முக்கியமானது அது.

ஸ்பிரிங் ரைபிளில் இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே பிஸ்டன் பாயும்போது துப்பாக்கி முதலில் பின்னால் உதைக்கும், உடனே முன்னாலும் உதறும். பெரிய துப்பாக்கியின் பின்னுதையை மட்டும் தாங்கச் செய்த ஸ்கோப், விலை உயர்ந்ததாகவே இருந்தாலும், இந்த இரட்டை உதறலில் உள்ளே கழன்றுவிடலாம். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இனி போட்டிக்கு வருவோம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும், சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றதும் 10 மீட்டர் ஏர் ரைபிளில். அவர்கள் துப்பாக்கியில் ஸ்கோப்பே கிடையாது, விதி அதை அனுமதிப்பதில்லை. கண் பக்கம் நடுவில் சிறு துளையுள்ள ஒரு தட்டு, குழல் முனையில் ஒரு வளையம், அவ்வளவுதான். இதைப் பீப் சைட் என்பார்கள்.

போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வாங்க வேண்டிய இடம் அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. பத்து மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அது கண்ணில் படவே படாது. தெரிவது 30.5 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம் மட்டும். துளைக்குள் முன்வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம், இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளை விளிம்பு. அந்த விளிம்பு சுற்றிலும் ஒரே அகலமாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டம் நடுவில் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதில் நம் கண்ணுக்கு அசாத்தியக் கெட்டிக்காரத்தனம். பார்வையை முன்வளையத்தில் நிறுத்தினால் போதும். துளை சிறிதாக இருப்பதால் தூரத்து வட்டமும் ஓரளவு தெளிவாகவே நிற்கும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை மெஷின் ஷாப் கணக்கிலேயே போட்டுவிடலாம். முன், பின் சைட்டுகளுக்கு இடையே 75 சென்டிமீட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வளையம் 100 மைக்ரான் விலகினால் பத்து மீட்டரில் பெல்லட் சுமார் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் படும். அட்டையில் ஒரு புள்ளி வட்டத்தின் கோட்டுக்கும் அடுத்த வட்டத்தின் கோட்டுக்கும் இடைவெளியே 2.5 மில்லிமீட்டர்தான். இந்த 100 மைக்ரானை அடக்குவது நிற்கும் நிலை, மூச்சு, விரல் மூன்றும். லென்ஸுக்கு அதில் வேலை இல்லை.

ஆகவே, பாதுகாப்பான இடத்தில், பின்னால் தடுப்பு வைத்து அட்டையைச் சுட்டுப் பழகுவது மட்டும்தான் ஆசையென்றால், 10 கஜம்வரை பாரலாக்ஸ் திருத்தக்கூடிய, ஸ்பிரிங் உதறலைத் தாங்கும் 3-9 ஸ்கோப் தாராளமாகப் போதும். அதையும் 4, 5 மடங்கில் வைத்தே பழகுங்கள். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஸ்கோப் வாங்கவே வேண்டாம். சென்னை ரைபிள் கிளப் போன்ற ஓரிடத்தில் சேர்ந்து, முதலில் பீப் சைட் வழியாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கையில் இருக்கும் பணத்தைப் பெல்லட்டுக்கும் பயிற்சிக்கும் செலவிடுங்கள்.