பெயரற்ற பிம்பங்கள்: பழைய புகைப்படங்களைச் சேகரிப்பது குறித்து

பழைய கேமராக்களையும் புகைப்படங்களையும் சேகரிப்பது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் என்றுதான் நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். வலங்கைமானில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஆக்ஃபா கிளிக் 3 கிடைத்தது. 120 ரோலில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் எளிய கேமரா. எப்போதோ மூடிய ஸ்டுடியோவின் மிச்சம் என்று சொல்லி, கூடவே ஒரு கட்டுப் படங்களையும் கடைக்காரர் எடைக்குப் போட்டார். அதில் ஒன்றில் ஒரு முதியவர் நாற்காலியில் இருக்கிறார். கழுத்தில் மாலை, கண்கள் பாதி மூடியிருக்கின்றன. நாற்காலி, மாலை என்றால் வேறு யாராக இருக்க முடியும்? படத்தின் பின்னால் பென்சிலால் எழுதினேன்: 'தஞ்சை வட்டார மிராசுதார்.'

எழுதியது என் கைதான். ஆனால் அப்படி எழுதும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட புகைப்படக்கலை இருபது ஆண்டுக்குள் தஞ்சைக்கு வந்துவிட்டது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் பெரிய கோயிலைப் படமெடுத்தார். அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்து 21 படங்களை ஒட்டிச் சேர்த்த அவருடைய நீள்படம் 19 அடியைத் தாண்டும். மெழுகேற்றிய காகித நெகட்டிவில் ஒளி பதிய நேரமாகும். அசையாத கல் துல்லியமாகப் பதியும். குறுக்கே நடந்து போகிறவர் பதியவே மாட்டார்.

மனிதர்கள் வேறு விதமாகப் பதிவானார்கள். 1868க்கும் 1875க்கும் இடையே எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்', 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இரண்டிலும் படத்துக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது ஆளின் பெயரல்ல, சாதியின் பெயர். 1876-78 பஞ்சத்தில் ராணுவ அதிகாரி ஹூப்பர் எலும்பும் தோலுமானவர்களைக் கூட்டி உட்காரவைத்து எடுத்தார். அங்கே மனிதர் 'பஞ்சம்' என்ற சொல்லுக்கு ஒரு விளக்கப்படம், அவ்வளவுதான். ஆளை வகைமாதிரியாக மாற்றுவது கேமரா மட்டும் செய்கிற வேலையல்ல. படத்துக்குக் கீழே எழுதுகிற கையும் சேர்ந்தே செய்கிறது.

வலங்கைமானில் 1869இல் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் படங்கள் பெயரோடு ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. அதே ஊர் வயலில் நாற்று நட்டவர்களின் முகங்கள் எங்கே? எனக்குத் தெரிந்த கூலி விவசாயிகள் பலருக்கு வாழ்க்கையின் முதல் படமே, 1993இல் ஆணையிடப்பட்ட வாக்காளர் அடையாள அட்டைக்காக எடுத்ததுதான். அதுவும் அரசு தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது.

அந்தத் தெருவில் ஒரு நாள் கட்டைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மூதாட்டி அந்தப் படத்தை மட்டும் கையில் வாங்கினார்.

"இது எங்க பெரியப்பாவுல்ல."

"மிராசுதார்னு நெனச்சேனே ஆத்தா."

"செத்ததுக்கப்புறம் எடுத்தது தம்பி. உசுரோட இருந்த வரைக்கும் அவரு நாக்காலியில உக்காந்ததே இல்ல. எங்ககிட்ட இருந்த படம் எழுபத்தேழு புயல்ல கூரையோட போயிருச்சு."

பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுக்கிறார்கள். நோயிலிருந்து மீண்டவர் பாடையில் பிணமாகப் படுத்து வருவார். அங்கே உயிருள்ளவர் இறந்தவராகிறார். இந்தப் படத்தில் இறந்தவர் உயிருள்ளவராக உட்கார்ந்திருக்கிறார். நிலவுடைமை மறுத்த இருக்கையைச் சாவுக்குப் பிறகாவது கொடுத்துவிடும் எதிர்ச்செயல் இது என்று நான் வாசித்தேன். அவரிடமே கேட்டேன். "கும்பிடறதுக்கு ஒரு மொகம் வேணுமில்ல" என்றார். என் வாசிப்பைக் கைவிட மனமில்லை. ஆனால் அவருடைய வாக்கியத்துக்குப் பக்கத்தில்தான் அதை வைக்க முடியும், மேலே அல்ல.

ஸ்டுடியோக்கள் மூடும்போது நெகட்டிவ்கள் வெள்ளி எடுக்கிறவர்களிடம் போகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவோடு, 2010களில் தமிழ் ஸ்டுடியோ படங்களை மின்னுருவாக்கியது மிகத் தேவையான வேலை. படம் பிழைத்தால் மட்டும் போதாது என்பதற்கு நானே சாட்சி. சேகரிப்பவர் படத்தோடு நான்கு விஷயங்களையும் சேகரிக்க வேண்டும்: படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார், யார் வீட்டில் இருந்தது, இதையெல்லாம் சொன்னவர் யார். உரியவர்கள் கேட்டால் படத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

அவர் கேட்டார். உடனே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, இதைச் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் அவர்கள் சம்மதத்தோடு நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்தேன். 'மிராசுதார்' என்பதை ரப்பரால் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை. அதன் மேலேயே அவருடைய பேத்தி பேனாவால் பெயரை எழுதினாள். மை படத்துக்குக் கேடு என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன்.