சர்ச்சிலைத் தோற்கடித்த சணல் நகரம்

1922-ம் வருஷம் நவம்பர் 15-ந் தேதி ஸ்காட்லாந்திலுள்ள டண்டீ நகரத்தில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. வோட்டுக்களை எண்ணி முடித்தபோது, பதினான்கு வருஷ காலமாக அந்த ஊரின் பிரதிநிதியாக விளங்கிய ஒரு பெரிய மந்திரி நாலாவது ஸ்தானத்துக்குத் தள்ளப்பட்டிருந்தார். அவர் வேறு யாருமல்ல; வின்ஸ்டன் சர்ச்சில்தான். அவரை முந்திக்கொண்டு முதலிடத்தில் நின்றவரோ, சாராயக் கடை ஒன்றுகூட நாட்டில் இருக்கலாகாது என்று இருபது வருஷத்துக்கு மேலாகத் தெருத் தெருவாய்ப் பிரசங்கம் செய்துவந்த ஒரு மனிதர். எட்வின் ஸ்கிரிம்ஜியர் என்று பெயர். பிரிட்டிஷ் பார்லிமெண்டின் சரித்திரத்தில் மதுவிலக்குக் கட்சியின் சார்பாக நின்று ஜயித்த மெம்பர் அவர் ஒருவரே.

இந்த அதிசயம் எப்படி நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். டே நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்த துறைமுகப் பட்டணம் டண்டீ. ஒரு காலத்தில் வட கடலுக்குத் திமிங்கில வேட்டைக்குப் புறப்படும் கப்பல்கள் இங்கிருந்து கிளம்பும். நார்த்துணி நெய்வதும் பழைய தொழில். வங்காளத்துச் சணல் கல்கத்தாத் துறைமுகம் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது, முரட்டு நாரைப் பதப்படுத்தத் திமிங்கில எண்ணெய் பொருத்தமாக வாய்த்தது. கையிலே எண்ணெய், துறையிலே சணல், கேட்பானேன்! சில பத்தாண்டுகளுக்குள் உலகத்துக்கெல்லாம் சாக்குத் தைத்துக் கொடுக்கும் நகரமாகிவிட்டது டண்டீ.

ஆனால் அந்தச் செல்வம் ஆலை முதலாளிகளின் மாளிகைகளோடு நின்றுவிட்டது. ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள். ஆண்களுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த கூலி அவர்களுக்குப் போதும் என்பதே காரணம். மனைவி ஆலைக்குப் போவாள். வேலையற்ற கணவன் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வான். இப்படிப்பட்ட கணவன்மாருக்கு 'கெட்டில் காய்ச்சுகிறவர்கள்' என்று ஊரார் பட்டம் சூட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாயிருக்கும்; அவரவர் வீட்டுக்குள்ளே அது வேடிக்கையாயிராது.

அரசியலில் டண்டீ ஆதி முதலே முரட்டு ஊர். 1832-ம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அந்நகரத்துக்குத் தனியாக ஒரு ஸ்தானம் கிடைத்ததும், ஜனங்கள் தேர்ந்தெடுத்த முதல் மெம்பர் ஜார்ஜ் கின்லாக் என்பவர். அவர் 1819-ல் நகரத்து மைதானத்தில், எல்லோருக்கும் வோட்டுரிமை வேண்டும் என்று பேசியதற்காக ராஜத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டு, பிரான்ஸுக்குத் தப்பி ஓடியவர். ஓடிப்போனவரையே கூப்பிட்டுச் சிங்காதனத்தில் வைத்தாற்போல் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். பாவம், சில மாதங்களுக்குள்ளேயே அவர் காலமாகிவிட்டார்.

1868-ம் வருஷம் முதல் டண்டீக்கு இரண்டு மெம்பர்கள். ஒவ்வொரு வோட்டருக்கும் இரண்டு வோட்டு; ஒருவருக்கே இரண்டையும் போட முடியாது. இந்த ஏற்பாட்டை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். லிபரல் கட்சிக்கு ஒன்று, தொழிற் கட்சிக்கு ஒன்று என்று வோட்டர்கள் பிரித்துப் போட இது வசதி செய்தது. 1906-ல் கப்பல் தச்சர் சங்கத் தலைவரான அலெக்ஸாண்டர் வில்கி தொழிற் கட்சியின் சார்பாக ஜயித்தது இவ்வாறுதான்.

சர்ச்சில் அங்கே வந்து சேர்ந்தது 1908-ல். அக்காலத்து விதிப்படி, ஒருவர் காபினெட் மந்திரியானால் மறுபடியும் தேர்தலுக்கு நிற்க வேண்டும். வர்த்தக மந்திரியான சர்ச்சில் தமது பழைய தொகுதியாகிய வடமேற்கு மான்செஸ்டரில் நின்றார். 429 வோட்டில் தோற்றார். அதே சமயத்தில் டண்டீயின் லிபரல் மெம்பருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்து மேல் சபைக்கு ஏற்றிவிட்டார்கள். இடம் காலியாயிற்று. மே மாதம் 9-ந் தேதி உபதேர்தல். சர்ச்சிலுக்கு 7,079 வோட்டு. யூனியனிஸ்டு அபேட்சகர் பாக்ஸ்டருக்கு 4,370. தொழிற் கட்சியின் ஸ்டூவர்ட்டுக்கு 4,014. அடியிலே 655 வோட்டோடு நின்றவர் யார் தெரியுமா? நமது மதுவிலக்கு ஸ்கிரிம்ஜியர்தான்.

அந்தத் தேர்தலில் சர்ச்சிலுக்கு ஏற்பட்ட பெரிய விரோதி எதிர்க்கட்சி அபேட்சகர் அல்ல, ஒரு மணி. மேரி மலோனி என்ற ஐரிஷ் மாது பெண்களின் வோட்டுரிமை இயக்கத்தைச் சேர்ந்தவர். தங்கள் இயக்கத்தைப்பற்றிச் சர்ச்சில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று, அவர் போகும் கூட்டத்துக்கெல்லாம் ஒரு பெரிய மணியைத் தூக்கிக்கொண்டு போனார். சர்ச்சில் வாயைத் திறப்பார், மணி அடிக்கும். ஆங்கில பாஷையின் பெரிய பிரசங்கிகளுள் ஒருவரான அவர், பேச முடியாமல் கூட்டத்தை விட்டுப் போகும்படி ஆயிற்று! அன்று மணி அடித்தவருக்கு வோட்டு இல்லை. அடுத்த பத்து வருஷத்தில் இந்த நிலைமை மாறிவிடும் என்பதைச் சர்ச்சில் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

டண்டீ ஆயுட்காலம் வரையில் தமக்கு உறுதியான தொகுதி, செலவும் குறைவு என்று அவர் தம் தாயாருக்கு எழுதினார். ஊரின்மேல் அவருக்குப் பெரிய பிரியம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அங்கே தங்கிய ஹோட்டலில் காலை ஆகாரத்துக்கு வைத்த புகையிட்ட மீனிலிருந்து புழு ஒன்று எட்டிப் பார்த்த கதையை மனைவிக்கு எழுதிய கடிதத்தில் வர்ணித்திருக்கிறார். வருவார்; பேசுவார்; ரயிலேறிவிடுவார். 1910-ல் இரண்டு பொதுத் தேர்தல், இரண்டிலும் ஜயம். 1917-ல் ஆயுத தளவாட மந்திரியானபோது ஓர் உபதேர்தல், அதிலும் ஜயம். 1918-ல் வோட்டு 25,788.

ஆனால் மறு பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஸ்கிரிம்ஜியர் 1908-ல் பெற்றது 655, 1917-ல் 2,036, 1918-ல் 10,423. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அந்தக் கதைதான். அவர் டண்டீயிலேயே 1866-ல் பிறந்து வளர்ந்தவர். 1901-ல் ஸ்காட்டிஷ் மதுவிலக்குக் கட்சியை ஸ்தாபித்தார். தீவிரமான கிறிஸ்துவ பக்தர். அதே மூச்சில் சமதர்மமும் பேசுவார். நகரசபையில் அங்கத்தினராயிருந்து ஏழைகளுக்காக ஓயாமல் வாதாடினார். அவருடைய மதுவிலக்கைக் கேட்டுச் சிரித்தவர்கள் பலர். ஆனால் சனிக்கிழமைச் சம்பளம் சாராயக் கடைக்குப் போய்ச் சேருவதைக் கண்ணால் கண்ட பெண்கள் சிரிக்கவில்லை. 1918-ம் வருஷத்துச் சட்டம் முப்பது வயது நிரம்பிய ஸ்திரீகளில் பெரும்பாலோருக்கும், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வோட்டளித்தது.

இதற்கிடையில் சர்ச்சிலின் போக்கும் மாறிக்கொண்டிருந்தது. யுத்த மந்திரியாயிருந்தபோது ருஷ்யப் புரட்சியை அடக்கப் படை அனுப்புவதில் முனைந்து நின்றார். அயர்லாந்துக்குச் சுயாட்சி வேண்டும் என்று பேசி 1908-ல் டண்டீயிலுள்ள ஐரிஷ்காரர்களின் வோட்டைப் பெற்றவர், 1920-ல் அதே அயர்லாந்தில் 'பிளாக் அண்டு டான்ஸ்' என்ற படையினரின் அட்டூழியங்களுக்குப் பொறுப்பாளியாகக் காட்சியளித்தார். 1920 ஜூலையில் ஜாலியன்வாலா பாக் படுகொலையைக் காமன்ஸ் சபையில் கடுமையாகக் கண்டித்துப் பேசியவரும் இந்த டண்டீ மெம்பர்தான் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. மகாத்மாவைப்பற்றி வாய்க்கு வந்தபடி பேசியது பிற்பாடு, 1931-ல், எப்பிங் தொகுதியின் மெம்பராக இருந்தபோது. மனிதர்களை ஒரே வர்ணத்தில் எழுதிவிட முடிவதில்லை.

யுத்தம் முடிந்த பிறகு சணலுக்குக் கிராக்கி குறைந்தது, ஆலைகள் மூடின, வேலையற்றோர் பெருகினர். இந்த நிலைமையில் 1922 அக்டோபரில் லாயிட் ஜார்ஜின் மந்திரி சபை கவிழ்ந்தது. அதே வாரத்தில் சர்ச்சிலுக்குக் குடல் வால் சிகிச்சை. எழுந்து நடமாட முடியாத கணவருக்காக ஸ்ரீமதி கிளமென்டைன் பச்சைக் குழந்தையுடன் டண்டீக்கு வந்து பிரசாரம் செய்தார். குழந்தைக்கு அப்போது இரண்டு மாதங்கூட நிரம்பவில்லை. கூட்டங்களில் அவர்மேல் துப்பினார்கள். அப்படியிருந்தும், இந்த ஊர் ஜனங்கள் பட்டினியால் வாடிக் கிடக்கிறார்கள் என்றுதான் அவர் கணவருக்கு எழுதினார். அந்த அம்மாளின் பெருந்தன்மையை மெச்சாமலிருக்க முடியாது.

வோட்டுப் பதிவுக்குச் சில நாட்களே இருக்கையில் சர்ச்சில் வந்தார். கேர்டு மண்டபத்து மேடைக்கு அவரை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள், உட்கார்ந்தபடியே பேசினார். அடுத்த கூட்டத்தில் அதுவும் முடியவில்லை. கூச்சலில் கூட்டம் கலைந்தது. உள்ளூரில் லிபரல் பத்திரிகை ஒன்று, கன்சர்வேடிவ் பத்திரிகை ஒன்று. இரண்டுக்கும் முதலாளி டி. ஸி. தாம்ஸன் என்ற ஒரே மனிதர்! இரண்டும் சேர்ந்து சர்ச்சிலைத் தாக்கின. இது என்ன நியாயம் என்று சர்ச்சில் மேடையிலேயே பொரிந்து தள்ளினார். பத்திரிகை முதலாளியோடு தேர்தல் சமயத்தில் சண்டை போடுவது புத்திசாலித்தனமா என்பது வேறு விஷயம்.

முடிவு இது: ஸ்கிரிம்ஜியர் 32,578, தொழிற் கட்சியின் இ. டி. மோரெல் 30,292, சர்ச்சிலின் தோழர் மக்டொனால்டு 22,244, சர்ச்சில் 20,466. பின்னால் ஒரு சுயேச்சை லிபரலும், கம்யூனிஸ்டு கட்சியின் வில்லியம் கல்லாக்கரும். இங்கேதான் இரண்டு வோட்டு ஏற்பாடு வேலை செய்தது. தொழிற் கட்சி ஒரே அபேட்சகரை நிறுத்தியபடியால், அதன் வோட்டர்கள் கையில் மிஞ்சிய இரண்டாவது வோட்டு ஸ்கிரிம்ஜியருக்குப் போயிற்று. ஊர் முழுதும் மதுவை வெறுத்துவிட்டது என்று எண்ணினால் ஏமாந்து போவோம். ஆறாவது தடவையாக நின்ற மனிதரின் நேர்மையில் நம்பிக்கை வைத்தவர்கள் அநேகர். அவர் பக்கத்தில் போட்டால் சர்ச்சில் ஒழிவார் என்று போட்டவர்களும் அநேகர்.

கூட ஜயித்த மோரெலும் சாமானியரல்ல. காங்கோ நாட்டில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்களால் ரப்பருக்காக நீக்ரோ ஜனங்கள் பட்ட சித்திரவதையை உலகத்துக்கு அம்பலப்படுத்தியவர். யுத்தத்தை எதிர்த்ததற்காக 1917-ல் சிறை சென்றவர்.

தோற்ற சர்ச்சில் அந்த வேளையில் தமக்குப் பதவியும் இல்லை, பார்லிமெண்டில் இடமும் இல்லை, கட்சியும் இல்லை, குடல் வாலும் இல்லை என்று பின்னாளில் வேடிக்கையாக எழுதினார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்திலோ வேறு தொனி. டண்டீ ஜனங்கள் நடத்தும் வாழ்க்கையைப் பார்த்தால் அவர்கள் செய்ததைக் குறை சொல்லத் தோன்றாது என்ற கருத்தை அதில் தெரிவித்திருந்தார்.

ஸ்கிரிம்ஜியர் பார்லிமெண்டுக்குப் போனதும் 1923-ல் பூரண மதுவிலக்கு மசோதாவைக் கொண்டுவந்தார். ஆதரித்தவர்கள் 14 பேர். அவர் சளைக்கவில்லை, அடுத்த மூன்று பொதுத் தேர்தல்களிலும் ஜயித்து 1931 வரையில் மெம்பராயிருந்தார். தோற்ற பிறகு உள்ளூர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பாதிரியாரானார். 1947-ல் காலமானார்.

மோரெல் 1924-ல் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்தவர் டாம் ஜான்ஸ்டன். அவர் மறு வருஷமே டண்டீ சணல் தொழிலாளர் சங்கக் காரியதரிசி ஜான் ஸைமுடன் இந்தியாவுக்குக் கப்பலேறினார். டண்டீயின் யந்திரங்களைக் கொண்டே 1855-ல் ஹூக்ளி நதிக்கரையில் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. டண்டீ மேஸ்திரிகளே அங்கே வேலை பழக்கினார்கள். பிள்ளை தகப்பனை மிஞ்சிவிட்டது. கல்கத்தாச் சாக்கு மலிவாயிருப்பதால் எங்கள் வயிறு காய்கிறது என்று டண்டீத் தொழிலாளர் முறையிட்டனர். போய்ப் பார்த்த இருவரும் இந்தியக் கூலிகளைத் தூற்றவில்லை. அவர்களுடைய சொற்பக் கூலியையும், அதன்மேல் முதலாளிகள் அடித்த கொள்ளை லாபத்தையும் 1926-ல் புஸ்தகமாகப் போட்டார்கள். சணலைத் தந்த நாட்டின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ளக் கப்பலேறிய மெம்பரை அனுப்பிய ஊர் என்று டண்டீயை நான் மதிக்கிறேன்.

1931-ல் காற்று திரும்பிற்று. லிபரல் டிங்கிள் பூட்டும், யூனியனிஸ்டு கட்சியின் குமாரி பிளாரன்ஸ் ஹார்ஸ்பரோவும் ஜயித்தார்கள். டண்டீயின் முதல் பெண் மெம்பர் இவர். மதுவிலக்குக்காரரைத் தோற்கடித்து வந்த இந்த அம்மாளே, ஸ்காட்லாந்தில் ஏழைகள் மெதிலேடட் ஸ்பிரிட்டைக் குடித்துச் சாவதைத் தடுக்க 1937-ல் ஒரு சட்டம் நிறைவேற்றி வைத்தார்!

நமக்கு நெருக்கமான ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. 1939-ல் டண்டீத் தொழிற் கட்சியினர் தங்கள் வருங்கால அபேட்சகராக ஓர் இந்தியரைத் தேர்ந்தெடுத்தார்கள். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் படித்து, லண்டனில் இந்தியா லீக்கை நடத்திய வி. கே. கிருஷ்ண மேனன்தான் அவர். கம்யூனிஸ்டுகளோடு உறவாடுகிறார் என்று சொல்லிக் கட்சி மேலிடம் அவரைக் கைவிட்டது. மேனன் 1941-ல் கட்சியை விட்டு விலகினார். யுத்தத்தினால் 1945 வரையில் பொதுத் தேர்தலும் நடக்கவில்லை. 1945-ல் தொழிற் கட்சியே இரண்டு இடத்தையும் கைப்பற்றியதைப் பார்க்கையில், அபேட்சகராக நீடித்திருந்தால் மேனனும் டண்டீ மெம்பராகியிருக்கக்கூடும்.

1950-ல் டண்டீயைக் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு வோட்டு என்ற பழைய வழக்கம் அதோடு போயிற்று. மேற்குத் தொகுதி தொழிற் கட்சியிடமே நெடுங்காலம் இருந்து, 2015-ல் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு மாறியது. சணல் ஆலைகளும் இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவிட்டன.

பிரிவதற்கு முன்பு, 1943-ல், நகரசபை ஒரு காரியம் செய்தது. ஹிட்லரை எதிர்த்து நிற்கும் பிரதம மந்திரி என்ற முறையில் சர்ச்சிலுக்கு நகரத்தின் கௌரவப் பிரஜை உரிமை அளிக்கலாம் என்று தீர்மானம் வந்தது. சபையில் ஆதரவு 16, எதிர்ப்பு 15. ஒரே ஒரு வோட்டில் தீர்மானம் நிறைவேறி லண்டனுக்குப் போயிற்று. வேண்டாம் என்று பதில் வந்தது. காரணம் என்னவோ என்று நகரசபையார் மறுபடியும் எழுதிக் கேட்டார்கள். முன்பு அனுப்பிய பதிலோடு சேர்த்துச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று மறு கடிதம் வந்தது.