திறந்த புத்தகம், திறக்காத இணையம்

புதுதில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு மாணவர்கள் 2020 ஆகஸ்ட் 10 அன்று தேர்வெழுதத் தொடங்கியபோது, தேர்வுக்கூடம் என்று ஒன்று இல்லை. வினாத்தாள் இணையதளத்தில் வெளியாகும். அதை இறக்கி, வெள்ளைத்தாளில் கையால் விடை எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கோப்பாக்கி மீண்டும் அதே தளத்தில் ஏற்றவேண்டும். எழுதுவதற்கு இரண்டு மணி நேரம். இறக்கவும் ஏற்றவும் தனியே நேரம். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்பதால் 'திறந்த புத்தகத் தேர்வு' என்று பெயர்.

புத்தகம் எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி. மார்ச் மாதத்தில் பருவ இடைவேளைக்காக ஊருக்குச் சென்ற மாணவர்கள் பலர், கொரோனா ஊரடங்கால் திரும்ப முடியாமற்போனவர்கள். குறிப்பேடுகளும் நூல்களும் விடுதி அறைகளிலேயே தங்கிவிட்டன. மூன்று ஆண்டுகள் மனப்பாடத் தேர்வுக்கே பழக்கப்பட்டவரிடம், கடைசிப் பருவத்தில் மட்டும் புத்தகத்தைத் திறந்து எழுதச் சொல்வது எவ்வகைச் சோதனை என்றும் ஆசிரியர்கள் கேட்டனர்.

ஜூலை 1இல் தொடங்குவதாக இருந்த தேர்வு முதலில் ஜூலை 10க்கும், பின்னர் ஆகஸ்டுக்கும் தள்ளிப்போனது. ஜூலையில் நடந்த ஒத்திகைகளிலேயே இணையதளம் தடுமாறியது. மாணவர்களுடன் பார்வையற்றோர் தேசிய சம்மேளனமும் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. திரையிலுள்ள வினாவைப் படித்துச் சொல்லவும் விடையை எழுதவும் ஒருவர் உடன் இருந்தாக வேண்டும். தொற்றுக்காலத்தில் யார் வருவார்? ஆகஸ்ட் 7 அன்று சில நிபந்தனைகளுடன் தேர்வுக்கு நீதிமன்றம் அனுமதி அளித்தது. இணைய வசதி இல்லாதோர் கிராமங்களிலுள்ள பொதுச் சேவை மையங்களுக்குச் செல்லலாம் என்பது பல்கலைக்கழகத்தின் பதில். வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிய அதே நாட்களில் வந்த யோசனை இது!

காஷ்மீர் மாணவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட அதிவேக அலைபேசி இணையம், பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. அதுவரை கிடைத்தது 2ஜி வேகம் மட்டுமே. ஒரு பக்கப் படத்தை அனுப்பவே திணறும் வேகத்தில் முழு விடைத்தாளையும் ஏற்றவேண்டியிருந்தது.

இவை எதிர்பாராத இடர்கள் அல்ல. 2017-18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம், இணைய வசதி பெற்றிருந்தவை 14.9 சதவீதம். நகரங்களில்கூட 42 சதவீதக் குடும்பங்களுக்கே இணையம் எட்டியிருந்தது. அரசின் கையிலேயே இருந்த கணக்கு இது.

தொழில்நுட்பத்தைக் கல்விக்குக் கொண்டுவரும் முயற்சி தில்லிக்குப் புதிதன்று. 1984 ஆகஸ்டில் இன்சாட் செயற்கைக்கோள் வழியே பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் பாட ஒளிபரப்பைத் தொடங்கியது. கல்விக்கென்றே எஜுசாட் 2004இல் விண்ணில் ஏவப்பட்டது. 2011 அக்டோபரில் கபில் சிபல் வெளியிட்ட 'ஆகாஷ்' கைக்கணினி, விலை மலிவு என்று உலகெங்கும் பேசப்பட்டது. மந்தமான வேகமும் சில மணி நேரத்தில் தீரும் மின்கலமும் அதன் பெயரைக் கெடுத்தன. அடுத்த பதிப்பும் வந்தது. சில ஆண்டுகளில் திட்டமே ஓய்ந்தது. வெளியீட்டு விழாவில் குறையே இருந்ததில்லை, வகுப்பறையில்தான் சிக்கல்.

இவற்றில் நின்று நிலைத்தது என்பிடெல். 2003இல் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய இத்திட்டத்தில் சென்னை ஐஐடியின் பங்கு பெரிது. நல்ல பேராசிரியர் கிடைக்காத பொறியியல் கல்லூரி மாணவர், ஐஐடி விரிவுரையை இலவசமாகக் கேட்கலாம். விளங்காத இடத்தை நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் கட்டணம் செலுத்தி, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதவேண்டும். அதாவது, கற்பதற்கு இணையம் துணை செய்தது. வகுப்பறையை அது அகற்றவில்லை. தில்லியில் 2020இல் நடந்தது வேறு வகை.

அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அத்துடன் முடியவில்லை. 'ஸ்வயம்' இணையப் பாடங்களிலிருந்து ஒரு பருவத்தில் 20 சதவீத மதிப்பெண் புள்ளிகள் வரை பெறலாம் என்று 2016இல் இருந்த வரம்பை, மானியக் குழு 2021இல் 40 சதவீதமாக உயர்த்தியது. அதே ஆண்டு மே மாதத்தில் வெளியான அதன் கலப்புக் கற்பித்தல் வரைவும் 40 சதவீதப் பாடத்தை இணையத்துக்கு ஒதுக்கப் பரிந்துரைத்தது. பாடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இணையத்துக்குப் போனால் ஆசிரியர் பணியிடங்கள் என்னவாகும் என்று ஆசிரியர் அமைப்புகள் கேட்டதில் நியாயம் உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022இல் காலியாக இருந்த ஆசிரியர் இடங்கள் 6 ஆயிரத்துக்கும் அதிகம்.

தில்லிப் பல்கலைக்கழக வகுப்பறைகள் 2022 பிப்ரவரி 17 அன்று மீண்டும் திறக்கப்பட்டன. அதுவரை அலைபேசித் திரையிலேயே கல்லூரியைக் கண்டிருந்த மாணவர்கள் பலர், அன்றுதான் முதன்முறையாகத் தங்கள் ஆசிரியர்களை நேரில் பார்த்தனர்.