கொழுத் தேய்மானமும் உராய்வுப் பூச்சும்

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

புதுக்கோட்டை ஜில்லாவில் கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கங்களில் செம்புறாங்கல் சரளை கலந்த நிலம் அதிகம். அதை டிராக்டரால் உழும் மிராசுதார்கள் கொழு விரைவில் தேய்ந்துபோவதை நன்கறிவார்கள். முனை மழுங்கிய கொழு ஆழமாய் இறங்காது. டீசல் செலவு கூடும். மானாவாரிக் கடலைக்கு வேண்டிய ஈரமும் நிலத்தில் தங்காது.

சந்தனக் கட்டையைக் கல்லில் இழைத்தால், கட்டை தேய்ந்து கல்லின்மேல் குழம்பு படிகிறதன்றோ? அதைப்போலவே, ஓர் உலோகக் கம்பியை வேகமாய்ச் சுழற்றித் தகட்டின்மேல் அழுத்தி நகர்த்தினால், உராய்வின் உஷ்ணத்தால் கம்பியின் முனை உருகாமலே இளகித் தகட்டின்மேல் பூச்சாய்ப் படிகின்றது. இம்முறைக்கு இங்கிலாந்தில் 1941-ஆம் வருஷத்திலேயே காப்புரிமை கோரப்பட்டது.

இக்காலத்தில் ஆராய்ச்சிச் சாலைகளில் அலுமினியக் கம்பியைத் துளையிட்டு, நானோ கரிக்குழல் என்னும் தூளை நிரப்பி, இவ்வாறு பூசிப் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். இக்குழல்கள் அவ்வளவு நுண்ணியவை. சுவர் மண்ணில் கலந்த வைக்கோல்போல் இவை மென்மையான அலுமினியத்தை இறுகப் பிடிக்கின்றன. கரியாதலால் உராய்வையும் தணிக்கின்றன. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும். உருகிய நிலையில் கரியோடு கூடினால் எளிதில் நொறுங்கும் கார்பைடு உண்டாகும். உருக்காமல் பூசுவதால் இக்கெடுதல் குறைகிறது. ஆயினும் குழல்கள் ஓரிடத்தில் திரண்டுவிட்டால் பூச்சு பலங்குன்றும்.

இதைக் கொழுவிற்குப் பூசலாமோ எனில், ஆகாது. நிலத்து மணல் அலுமினியத்தைவிட மிகக் கடினமானது. ஒன்றோடொன்று உராயும் இலேசான அலுமினிய யந்திர உறுப்புகளுக்கே இப்பூச்சு ஏற்றது. கொழுவிற்கு எஃகின்மேல் கடின எஃகே வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யார் 2010-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வுராய்வு முறையாலேயே சாதாரண எஃகின்மேல் கருவி எஃகைப் பூசிக் காட்டியுள்ளனர். நமக்கு இப்போது எளிதாயிருப்பது, வெல்டிங் பட்டறையில் கடினப் பூச்சு எலெக்ட்ரோடால் முனைக்குப் பூச்சிடுவதே. கொழு புதிதாயிருக்கும்போதே இதைச் செய்யவேண்டும். கட்டையான பின் செய்வது வீண்.

எந்தப் பூச்சையும் விற்போர் சொல்லை மட்டும் நம்பி வாங்கலாகாது. பூச்சிட்ட கொழு இரண்டு, சாதாரணக் கொழு இரண்டு எடுத்து, நிறுத்துக் குறித்துக்கொண்டு, ஒரே கல்டிவேட்டரில் மாற்றி மாற்றிப் பொருத்துக. டயர் சுவட்டில் செல்லும் கொழு அதிகம் தேயலாமாதலால், பாதி உழவில் அவற்றை இடம் மாற்றுக. உழுது முடித்தபின் மண்ணைக் கழுவி மறுபடி நிறுக்க. குறைந்த எடையே தேய்மானம். ஆராய்ச்சிச் சாலையிலும் தேய்மானத்தை இவ்விதமாகவே நிறுத்தறிவதுண்டு. மிஞ்சிய இரும்பின் மதிப்பு பூச்சுக் கூலிக்கு மேற்பட்டால் மட்டுமே அது லாபம்.

கிராம அதிகாரிகள் தத்தம் ஊரில் ஒரு வயலிலாவது இப்பரீட்சையை நடத்தி, கண்ட கணக்கை யாவரும் அறியச் செய்வார்களாயின், குடியானவர்களுக்குப் பேருதவியாகும்.