அயர்லாந்தில் கார்ப் பயணம்: அறையை முதலில் முடியுங்கள், காரைப் பிறகு எடுங்கள்

அயர்லாந்தைக் காரில் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களில் பலர் விமானச் சீட்டு எடுத்த கையோடு, டப்ளினில் இறங்கும் நிமிடம் முதல் திரும்பி ஏறும் நிமிடம் வரை ஒரு காரைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அறை தேடுவது அதற்குப் பிறகுதான். செலவு கைமீறிப் போவது இந்த வரிசையால்தான். எந்த ஊரில் எத்தனை இரவு என்பது முடிவானால்தான் கார் எத்தனை நாளைக்கு வேண்டும், எங்கே எடுத்து எங்கே விடலாம் என்பதெல்லாம் தெளிவாகும்.

முதலில் டப்ளின். இந்த நகரத்துக்குக் கார் வேண்டாம். ட்ரினிட்டி கல்லூரி, டப்ளின் கோட்டை, செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்கா, லிஃபி ஆற்றின் இரு கரைகள் எல்லாமே ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடக்கும் தூரம். கொஞ்சம் தள்ளிப் போக லூவாஸ் டிராமும் பேருந்தும் இருக்கின்றன. கடலோரமாக ஹௌத் வரை டார்ட் ரயில் ஓடுகிறது. மூன்றுக்கும் ஒரே லீப் அட்டை போதும். கார் வைத்திருப்பவருக்கோ ஒருவழிப் பாதைகள், மணிக்கணக்கில் ஏறும் பார்க்கிங் கட்டணம், தவறான இடத்தில் நிறுத்தினால் சக்கரத்துக்குப் பூட்டு. நகர மையத்தில் பல விடுதிகளுக்குச் சொந்த பார்க்கிங்கே கிடையாது. ஓடாமல் நிற்கும் காருக்கு வாடகை ஒரு பக்கம், நிறுத்துவதற்குக் கட்டணம் இன்னொரு பக்கம்.

விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது. ரயில் இல்லை; பேருந்துகள் அடிக்கடி உண்டு. இறங்கியதும் பேருந்தில் நகரத்துக்குப் போய், இரண்டு மூன்று இரவு தங்கி, கிளம்பும் காலையில் மீண்டும் விமான நிலையம் வந்து காரை எடுப்பதுதான் நல்லது. அங்கிருந்து நேராக நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். நகர நெரிசலில் ஒரு தெரு கூட ஓட்ட வேண்டியதில்லை. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததால் இடையில் மாறி, தூக்கம் கெட்டு வந்து சேர்கிறோம். அந்த நிலையில் பழக்கமில்லாத வண்டியை எடுத்துக்கொண்டு 200 கிலோமீட்டர் போவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

டப்ளினில் எங்கே தங்குவது? டெம்பிள் பார் பகுதி பெயர் பெற்றது; இரவெல்லாம் சத்தமும் அங்கேதான். குழந்தைகளோடும் பெற்றோரோடும் போகிறவர்களுக்கு டிராம் பாதையிலுள்ள ஸ்மித்ஃபீல்டோ, அமைதியான பால்ஸ்பிரிட்ஜோ பொருந்தும். விமான நிலையத்துக்கும் நகரத்துக்கும் நடுவே உள்ள டிரம்காண்ட்ராவும் வசதிதான், ஆனால் பக்கத்திலேயே 80,000 பேருக்கு மேல் அமரக்கூடிய குரோக் பார்க் மைதானம் இருக்கிறது. ஜூலையில் கேலிக் விளையாட்டுகளின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டிகள் நடக்கும் வார இறுதிகளில் அறை கிடைப்பதே அரிது. பழைய ஜார்ஜியக் கட்டடங்களில் நடக்கும் விடுதிகள் பார்க்க அழகு. பலவற்றில் லிஃப்ட் இல்லை. முட்டி வலி உள்ளவர்கள் உடன் வந்தால் கீழ்த்தள அறை கேட்டு எழுதி வாங்குங்கள்.

அறை வாடகையைத் தீர்மானிப்பது ஊரைவிடத் தேதிதான். மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம், பிப்ரவரி, மார்ச் மாதங்களின் ஆறு நாடுகள் ரக்பி ஆட்டங்கள், ஜூலைக் கடைசியில் கால்வே குதிரைப் பந்தயம், அக்டோபர் கடைசித் திங்களை ஒட்டிய கார்க் ஜாஸ் விழா ஆகிய நாள்களில் அந்தந்த ஊரில் வாடகை பல மடங்காகும். உங்கள் தேதி இவற்றில் ஒன்றோடு மோதினால் ஊர்களின் வரிசையை மாற்றிவிடுங்கள். முன்கூட்டியே அறைகளை முடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டப்ளினுக்கு வெளியே பி அண்ட் பி எனப்படும் வீட்டு விடுதிகளை நான் மனதாரச் சிபாரிசு செய்வேன். கால்வேயின் சால்ட்ஹில் கடற்கரைப் பகுதி, கார்க்கின் வெஸ்டர்ன் ரோடு, கில்லார்னியின் மக்ரோஸ் சாலை ஆகிய இடங்களில் இவை நிறைய உண்டு. பெரும்பாலும் வாசலிலேயே காரை நிறுத்தலாம். வீட்டுக்காரரே காலைச் சாப்பாடு சமைத்துப் போடுவார். சைவம் என்றால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். தட்டில் வரும் பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்தது. எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்பார்கள். தாமதமானால் போன் செய்வது மரியாதை. ஒவ்வோர் இரவும் ஊர் மாறாமல் கால்வேயில் இரண்டு, டிங்கிளில் அல்லது கில்லார்னியில் மூன்று, கார்க்கில் ஒன்று என்று தங்கினால் பெட்டி கட்டி அவிழ்க்கும் நேரம் மிச்சமாகும்.

இனி கார். இணையத்தில் தெரியும் நாள் வாடகையை நம்பிவிடாதீர்கள். அந்த விலையில் அடிப்படைக் காப்பீடு சேர்ந்திருக்கும். ஆனால் வண்டிக்குச் சேதம் வந்தால் முதல் பங்கு உங்களுடையது. எக்ஸெஸ் எனப்படும் இந்தத் தொகை சாதாரணமாக ஆயிரம் யூரோவைத் தாண்டும். அதற்கு ஈடாக உங்கள் கிரெடிட் கார்டில் ஒரு பெருந்தொகையை நிறுத்தி வைப்பார்கள். கவுண்டரில் சூப்பர் சி.டி.டபிள்யூ. எனப்படும் கூடுதல் காப்பீட்டை வாங்கினால் அந்தப் பங்கு வெகுவாகக் குறையும் அல்லது இல்லாமலே போகும், நாள் வாடகை கூடும். வெளி நிறுவனத்திடம் எக்ஸெஸுக்கு மட்டும் தனிக் காப்பீடு எடுப்பது மலிவு. ஆனால் சேதம் வந்தால் முதலில் நீங்கள் கட்டி, பிறகு அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும். கார்டில் நிறுத்தி வைக்கும் தொகையும் அதனால் குறையாது. டயரும் கண்ணாடியும் வண்டியின் அடிப்பகுதியும் எதில் அடங்கும், எதில் அடங்காது என்று படித்துப் பாருங்கள். மேற்கு அயர்லாந்தின் கற்சுவர்ச் சாலைகளில் அடிபடுவது பெரும்பாலும் டயர்தான். கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்பிப் போகிறவர்கள் அதில் அயர்லாந்து விலக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியிடம் எழுத்தில் கேட்பது அவசியம்.

கார்டு, வண்டி ஓட்டுகிறவர் பெயரில் இருக்க வேண்டும். டெபிட் கார்டைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. 25 வயதுக்குக் கீழ் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். 75 வயதை ஒட்டியவர்களுக்கும் நிபந்தனைகள் இருக்கலாம். சுற்றுலாவாக வரும் நம்மவர்கள் இந்திய உரிமத்தோடு 12 மாதம் வரை ஓட்டச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச அனுமதிச் சீட்டு வாங்கிப் போனால் கவுண்டரில் வாக்குவாதம் இருக்காது. ஆட்டோமேட்டிக் வண்டிக்கு வாடகை அதிகம், எண்ணிக்கை குறைவு. அது வேண்டுமென்றால் பல மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள். 150 சென்டிமீட்டர் உயரமும் 36 கிலோ எடையும் எட்டாத பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம்.

பெட்டிகள் கொள்ளும் அளவுக்கு மிகச் சிறிய கார் எதுவோ அதை எடுங்கள். நம்மைப் போலவே அங்கும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் கை தடுமாறாது. சிரமம் சாலையின் அகலத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகம் அனுமதி. டப்ளினிலிருந்து கால்வே வரையுள்ள 200 சொச்சம் கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். மேற்கே போனதும் கணக்கு மாறுகிறது. கிராமத்து உள்ளூர்ச் சாலைகளின் உச்ச வேகத்தை 2025 பிப்ரவரியில் 80-லிருந்து 60 ஆகக் குறைத்துவிட்டார்கள். பல வளைவுகளில் அதுவே அதிகம். ரிங் ஆஃப் கெர்ரி சுற்று 179 கிலோமீட்டர்தான், முழு நாள் பிடிக்கும். எதிரே ஆட்டு மந்தை வரலாம், டிராக்டர் வரலாம். மோஹர் பாறைகளைப் பார்த்துவிட்டு டிங்கிள் போகிறவர்கள் லிமெரிக் வழியாகச் சுற்றாமல், கில்லிமரில் காரோடு படகில் ஏறி டார்பர்ட்டில் இறங்கலாம். ஷானன் கழிமுகத்தைக் கடக்க 20 நிமிடம்தான்.

விமான நிலையத்திலிருந்து கால்வே நோக்கிக் கிளம்பும் முதல் அரை மணி நேரத்திலேயே எம்50 சாலையின் சுங்க இடம் வந்துவிடும். அங்கே சாவடி இல்லை, தடுப்பும் இல்லை. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்ட வேண்டும், தவறினால் அபராதம். வாடகையிலேயே அது அடங்குமா என்பதைச் சாவி வாங்கும்போது கேளுங்கள்.

பெல்ஃபாஸ்ட்டையும் சேர்க்க ஆசைப்பட்டால் இரண்டைக் கவனிக்க வேண்டும். எல்லையில் சோதனைச் சாவடி இல்லாவிட்டாலும் அது ஐக்கிய ராஜ்ஜியம். பிரிட்டிஷ்-ஐரிஷ் திட்டத்தில் வழங்கப்படாத வெறும் அயர்லாந்து விசாவோடு உள்ளே போகக் கூடாது. வாடகை நிறுவனத்திடமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிலர் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். வேகப் பலகைகள் அங்கே மைலில் இருக்கும்.

வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் நான்கு பக்கமும், சக்கரங்களையும், எரிபொருள் முள்ளையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கார்டில் நிறுத்திய பணம் திரும்ப விடுபடச் சில நாள்கள் ஆகும். அதுவரை அந்தப் படங்களையும் கடைசி பெட்ரோல் ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.